இடது கால் பூட்ஸ்

“ஒத்தக் கால்ல மட்டும் பூட்ஸ் போட்டுக்கிட்டு யாராவது சாரம் ஏறுவாங்களா தம்பி?”

அண்ணி இதைக் கேட்டபோது நான் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்சீட்டிலிருந்து கேள்வி கேட்பது அவர் வழக்கம். நான் திரும்பி முகம் பார்த்துப் பதில் சொல்லாவிட்டால் அவருக்குக் கோபம் வரும். திரும்பினால் எதிரே வரும் லாரிக்குக் கோபம் வரும்.

“இன்னொரு காலுக்கு லீவு குடுத்திருப்பாரு அண்ணி.”

“ரோட்டப் பாத்து ஓட்டு.”

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எரிந்துபோன கடை தானாக எரிந்ததா, யாராவது எரியவைத்ததா என்று பார்க்கிற வேலையில் பல வருஷம் இருந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். வாசலில் போர்டு கிடையாது. போர்டு வைத்தால் பொய் சொல்கிறவர்கள் உஷாராகிவிடுவார்களாம். நான் அவருடைய உதவியாளன். “சும்மா உக்காந்து சாப்பிடுறதுக்கு அவளுக்கு வண்டியாவது ஓட்டுடா” என்று அண்ணன் கொடுத்த நியமன உத்தரவைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை.

அன்று காலையில்தான் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு பாலிதீன் பை. வழியெல்லாம் அழுதுவிட்டு, எங்கள் தெருமுனையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

“அக்கா, என் வீட்டுக்காரர் கொத்தனார். நேத்து வேலை பாக்குற கட்டடத்துல விழுந்துட்டாரு. இடுப்பும் தாடையும் ஒடஞ்சு போச்சு. உசுருக்குப் பயமில்லன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா வாயைக் கட்டி வச்சிருக்காங்க. கண்ணு முழிக்கிறாரு, மறுபடி மயங்கிடுறாரு. பேச நாளாகுமாம்.”

“எங்கேருந்து விழுந்தாரு?”

“சாரத்துலேருந்துன்னு சொல்றாங்க. முடிச்சு அவுந்து பலகை நழுவிடுச்சாம்.” அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அந்தச் சாரத்தைக் கட்டினது என் கூடப் பொறந்த அண்ணன்க்கா.”

நான் எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

“மாமியார் எங்கண்ணனை ஆஸ்பத்திரி வாசல மிதிக்க விடல. இன்னைக்குச் சாயங்காலம் போலீஸ்ல புகார் குடுக்கப் போறாங்க. அதுல நானும் கையெழுத்துப் போடணுமாம். போடலைன்னா, அண்ணன்தான் பெருசுன்னா அங்கயே போயிடு, என் பையனைப் பாக்க வராதேங்கிறாங்க.”

“உங்க அண்ணன் என்ன சொல்றாரு?”

“ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்கு எதிர பஸ் ஸ்டாப்புல தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. ஏதாவது பேசுண்ணான்னா, ‘சாரம் என்னுதும்மா’ங்குது. அவ்வளவுதான்.”

மனிதர்கள் அழும்போது அண்ணி அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். அவர்கள் கொண்டுவந்த பொருளைப் பார்ப்பார். கல்நெஞ்சம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முகத்தைப் பார்த்தால் அவரும் அழுதுவிடுவார், பிறகு வேலை ஓடாது.

பையில் ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த துணிகள் இருந்தன. சட்டையின் முழங்கைகளில் சேறு. பேன்ட்டின் முழங்கால்களில் சேறு. நெஞ்சுப் பக்கம் லேசான கறைதான், முதுகுப் பக்கம் துளிச் சேறு இல்லை. சட்டைப் பையைக் கவிழ்த்ததும் எங்கள் வீட்டுத் தரையில் ஒரு பிடி மணல் கொட்டியது. சலித்த மணல், காய்ந்து பொலபொலவென்று இருந்தது. கடைசியாக வெளியே வந்தது ஒரு பூட்ஸ். வலது காலுக்கானது. என் அண்ணன் காலுக்கே பெரிதாக இருக்கும்போல.

“இது அவரோடது இல்லக்கா. அவரு ரப்பர் செருப்புதான் போடுவாரு. யாரோடதுன்னே தெரியல.”

அண்ணி பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “சாயங்காலம் வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாத. பேனா கேட்டா மை தீந்துடுச்சுன்னு சொல்லு,” என்றார்.

இடது காலுக்கான பூட்ஸைத் தேடித்தான் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம்.

*

கட்டடம் மூன்று மாடிக் குடியிருப்பு. மேல் இரண்டு மாடிகளுக்கும் வெளிப்பூச்சு முடியும் நிலையில் இருந்தது. வாசல் கேட்டருகே ஒருவர் பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, காதில் பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு, வருகிற போகிறவர்களை எடைபோட்டுக்கொண்டிருந்தார். போர்டு எழுதுகிற பெயின்டர்.

“என்ன எழுதறீங்கண்ணே?” என்று கேட்டேன்.

“எங்க எழுதறது? ‘பாதுகாப்பே முதல் கடமை’ன்னு பெருசா எழுதணுமாம். நேத்து அதிகாரி யாரோ பாக்க வர்றதா இருந்துச்சு. பலகை வரும், பலகை வரும்னு நேத்துலேருந்து உக்கார வச்சிருக்காங்க. பலகையும் வரல, அதிகாரியும் வரல. என் கடமை மட்டும் இங்கயே உக்காந்திருக்கு.”

அதற்குள் சூப்பர்வைசர் ஓடி வந்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட். வாங்கியபோது சுற்றியிருந்த பாலிதீனைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

அண்ணி பொய் சொல்லமாட்டார். “இன்ஷூரன்ஸ் விஷயத்துல எனக்கு ரொம்ப வருஷ அனுபவம்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். மீதியை எதிராளியே நினைத்துக்கொள்வார். சூப்பர்வைசரும் நினைத்துக்கொண்டு, எங்கள் தலையிலும் ஆளுக்கொரு ஹெல்மெட்டை வைத்தார். என்னுடையது கண் வரைக்கும் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

“இதுக்குப் பூட்ஸும் உண்டா சார்?” என்றேன்.

“எல்லாருக்கும் பூட்ஸ் குடுத்திருக்கோம். பாதுகாப்பு விஷயத்துல நாங்க காம்ப்ரமைஸே பண்றதில்ல.”

“எப்போ குடுத்தீங்க?” அண்ணி கேட்டார்.

“அது வந்து... நேத்து காலையிலதான். வேற சைட்லேருந்து வந்துச்சு.”

“எல்லாம் ஒரே சைஸா?”

சூப்பர்வைசர் எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

பின்சுவரை ஒட்டிச் சாரம் நின்றது. சவுக்குக் கம்பங்களைக் கயிற்றால் பிணைத்து, நடக்கப் பலகை போட்டிருந்தார்கள். எனக்கு உயரம் என்றால் ஆகாது. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூல்மேல் ஏறினாலே அண்ணன் கீழே நின்று காலைப் பிடித்துக்கொள்வான்.

“அதோ பாருங்க, முதல் தட்டுல ஒரு பலகை இல்ல. கட்டின கயிறும் இல்ல. முடிச்சு அவுந்திருக்கு, பலகை நழுவியிருக்கு, ஆளு நேரா இங்க.” சூப்பர்வைசர் காலடியைக் காட்டினார். சுவருக்குத் தண்ணீர் அடித்ததில் அந்த இடம் முழுக்கச் சேறாகக் கிடந்தது. “கட்டினது அவரோட மச்சான். எத்தனை தடவ சொல்லியிருப்பேன், சொந்தக்காரங்கள ஒரே சைட்ல வச்சுக்கக் கூடாதுன்னு.”

“விழுந்தப்போ யாராவது பாத்தாங்களா?”

“இல்லம்மா. முனகல் சத்தம் கேட்டு வந்து பாத்தா குப்புறக் கிடந்தாரு.”

“அப்ப அந்தப் பலகை எங்கே?”

“இங்கதான் எங்கயாவது கிடக்கும்.”

கிடக்கவில்லை. ஆள் நீளப் பலகை, சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சமாசாரம் இல்லை. அண்ணி அதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சேற்றை ஒருமுறை பார்த்தார், சாரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சுவரோரம் இருந்த வாளியருகே போய்க் குனிந்தார். அதில் கலவை பூசுகிற கரணை ஒன்றும், பூச்சைத் தேய்க்கிற கட்டையும் இருந்தன.

“இது யாரோடது?”

“கொத்தனாரோடதுதான். நேத்து வச்சது அப்படியே இருக்கு.”

அண்ணி கரணையை எடுத்து என்னிடம் காட்டினார். கண்ணாடியாகப் பளபளத்தது. ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் என் முகத்தைப் பார்த்தேன். வருத்தப்பட வேண்டிய காட்சிதான்.

சூப்பர்வைசருக்குப் போன் வந்தது. அவர் நகர்ந்ததும் அண்ணி தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

“மேல நின்னு பூசிக்கிட்டு இருந்த மனுஷன் விழுந்தா, கரணை அவர் கூடவே விழும். இல்லன்னா கலவை காஞ்சுபோய் மேலயே கிடக்கும். இது கழுவித் தொடச்சு வாளிக்குள்ள உக்காந்திருக்கு. அப்படின்னா?”

“விழறதுக்கு முன்னாடி கழுவி வச்சுட்டு விழுந்திருக்காரு. ரொம்ப சுத்தக்காரர்.”

“அடி வாங்குவே. அதிகாரி வர்றாருன்னு வேலைய நிறுத்திட்டாங்க. அவரும் கரணையக் கழுவி வச்சுட்டு இறங்கிட்டாரு. அவர் விழுந்த நேரத்துல சாரத்துல ஆளே இல்ல.”

“அப்ப இந்தச் சேத்துல எப்படி அண்ணி கிடந்தாரு?”

“மேலேருந்து சேத்துல விழுந்தவனுக்கு முழங்கையிலயும் முழங்கால்லயும் மட்டுமா சேறு அப்பும்? தவழ்ந்து வந்திருக்காரு. காஞ்ச மணல் எங்கயோ இருக்கு. அங்க விழுந்து, அங்கேருந்து வெளிச்சத்தப் பாத்துத் தவழ்ந்து, இங்க வந்து மயங்கியிருக்காரு. தாடை ஒடஞ்ச மனுஷன் எப்படிக் கத்திக் கூப்பிடுவாரு?”

அண்ணி கரணையை வாளிக்குள் பழையபடி வைத்தார்.

“தம்பி, நீ அந்தப் பெயின்டர்கிட்ட மறுபடி போ. போர்டு எழுதற பலகையை யார் கொண்டு வர்றதா இருந்துச்சுன்னு கேளு.”

போனேன், கேட்டேன், திரும்பி ஓடிவந்தேன். மூச்சு வாங்கியது.

“அண்ணி! சூப்பர்வைசர் சொல்லித்தான் பலகை எடுக்கப் போனாராம், கொத்தனார்! ‘மாடியில ஒரு ப்ளைவுட் கிடக்கு, எடுத்துட்டு வர்றேன், ரெடியா இருங்க’ன்னு பெயின்டர்கிட்ட சொல்லிட்டுப் படியேறிப் போனாராம். அதுக்கப்புறம் ஆளைக் காணோம். ‘யாரும் என்கிட்ட கேக்கல தம்பி, நான் எழுத வந்தவன்தானே’ங்கிறாரு.”

“வா, மேல போலாம்.”

“மேலயா?”

“படிக்கட்டு வழியாத்தான். கண்ணை மூடிக்கிட்டு வா.”

*

முதல் மாடியில் பெரிய ஹால் ஒன்று. ஜன்னல்களுக்கு இன்னும் சட்டம் வைக்கவில்லை. தரை சுத்தமாகப் பெருக்கப்பட்டிருந்தது. மூலையில் சிமென்ட் சாக்குகள் அடுக்கியிருந்தன. நடுவில் சிமென்ட் தெறித்த ப்ளைவுட் பலகை ஒன்று தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

“எதையும் தொடாத,” என்று சொல்லிவிட்டு அண்ணி ஜன்னல் பக்கம் போய் வெளியே சாரத்தை எட்டிப் பார்த்தார்.

பெயின்டரிடமிருந்து அவ்வளவு பெரிய சமாசாரத்தைக் கொண்டு வந்தவன் நான். அந்தத் தெம்பில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்திருந்தது. ஹெல்மெட் வேறு. கொத்தனார் எடுக்க வந்த பலகை இங்கேயே கிடக்கிறது என்றால், அவர் அதை எடுக்கும் முன்பே ஏதோ நடந்திருக்கிறது. அடியில் ஏதாவது தடயம் இருக்கலாம். அண்ணி திரும்பிப் பார்க்கும்போது தடயத்தோடு நின்று அசத்திவிடலாம்.

குனிந்து இந்தப் பக்க விளிம்பைப் பிடித்துப் பலகையைத் தூக்கினேன். நிமிர்த்தினேன். ஆள் உயரத்துக்கு இருந்தது. இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு அண்ணி இருந்த திசையில் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

“நில்லு!”

அண்ணி அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. பாய்ந்து வந்து என் சட்டையையும் பேன்ட் பெல்ட்டையும் சேர்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்தார். முன்னால் வைத்த காலுக்கு அடியில் தரை இல்லை. நான் மல்லாக்க விழுந்தேன். கையிலிருந்து நழுவிய பலகை டப்பென்று தான் முதலில் கிடந்த இடத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டது. ஹால் பழையபடி ஆகிவிட்டது. ஓட்டை எதுவும் தெரியவில்லை. நான் மட்டும் தரையில் கிடந்தேன்.

அண்ணி என் ஹெல்மெட்டின் மேல் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

“தொடாதேன்னா தொடாத! உனக்கு ஏதாவது ஆயிருந்தா உங்க அண்ணன் மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்?”

அவர் கண்கள் கலங்கியிருந்தன. என்னை ‘டா’ போட்டு அண்ணி பேசியதும் அதுதான் முதல் தடவை. எனக்கும் அழுகை வந்தது. அதை மறைக்க வாயைத் திறந்தேன். “ஹெல்மெட் வேலை செய்யுது அண்ணி. வலிக்கவே இல்ல.”

அவர் தரையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மூச்சு சீரானதும் அவர் முகம் மாறியது. புதிர் அவிழும்போது வரும் அந்த முகம் எனக்குத் தெரியும்.

“நீ இப்ப என்ன செஞ்சே?”

“பலகையைத் தூக்கினேன்.”

“தூக்கி?”

“முன்னால நடந்தேன்.” நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். “அவரும்...”

“எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. பலகையத் தூக்கினா அது முகத்தை மறைக்குது. முன்னால கால வைக்கிறோம். அது எந்த ஓட்டைய மூடியிருந்துச்சோ அதுக்குள்ளயே கால் போகுது. பலகை மறுபடி மேல விழுந்து மூடிக்குது. யார் வந்து பாத்தாலும் பலகை கிடக்குது, ஆள் இல்ல. சாரத்துல ஒரு பலகையக் காணோம், கீழ ஆள் கிடக்குது. ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுட்டாங்க.”

இந்தத் தடவை இருவரும் மண்டியிட்டுப் பலகையைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினோம். கனமான சாமான்களைக் கயிறு கட்டி மேலே ஏற்றுவதற்காகத் தளத்தில் விட்டிருந்த சதுரமான ஓட்டை அது. பிறகு அடைப்பதற்காக, அதன் ஓரங்களில் கம்பி முனைகளை நீட்டி விட்டிருந்தார்கள். கீழே இருட்டு அறை, அதன் நடுவில் மணல் குவியல்.

ஒரு கம்பி முனையில், வார் மாட்டிக்கொண்டு, இடது கால் பூட்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய சைஸ். கால் உருவிக்கொண்டு கீழே போயிருக்கிறது, பூட்ஸ் மேலேயே தங்கிவிட்டது. நான் போனை எடுத்து, குப்புறப் படுத்துக்கொண்டு, நாலைந்து படம் எடுத்தேன். உயரத்தைப் பார்த்துப் பயப்பட அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

சத்தம் கேட்டுச் சூப்பர்வைசர் படியேறி வந்தார். ஓட்டையைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“பலகை எடுத்துட்டு வரச் சொன்னது நீங்கதானே?” அண்ணி கேட்டார்.

“ஏதாவது ஒரு பலகைன்னுதாம்மா சொன்னேன். இதை எடுப்பாருன்னு...”

“இதுக்கு அடியில ஓட்டை இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவர் வெளிப்பூச்சுக்கு வந்தவரு. மூடினவங்க போன வாரமே வேற வேலைக்குப் போயிட்டாங்க.” அவர் சுவரில் சாய்ந்தார். “ஆணி அடிக்கணும், மேல எழுதி வைக்கணும்னு தினமும் நெனப்பேன்மா. தினமும் வேற வேலை வந்துடும்.”

“கீழ மணல் எப்படி வந்துச்சு?”

“அதிகாரி வரும்போது முற்றம் சுத்தமா தெரியணும்னு அந்த ரூம்ல அள்ளிக் கொட்டச் சொன்னேன்.”

அண்ணி அவரையே பார்த்தார். “அதிகாரி கண்ணுக்கு அழகா தெரியணும்னு ஒரு போர்டு கேட்டீங்க, அவர் விழுந்தாரு. அதே அதிகாரி கண்ணுக்காக மணலை ஒளிச்சு வச்சீங்க, அவர் பொழச்சாரு. உங்க அதிர்ஷ்டத்துக்கு நான் என்ன சொல்றது? ஆனா அவர் பலகை எடுக்கப் போனது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் மச்சான் தலையில கட்டினீங்க பாருங்க, அதுக்கு அதிர்ஷ்டத்தச் சாக்கு சொல்ல முடியாது.”

சூப்பர்வைசர் வாயைத் திறந்து மூடினார். கட்டடத்திலேயே அன்றைக்கு ஒழுங்காக மூடிய ஒரே ஓட்டை அதுதான்.

ஆணி அடித்து முடிக்கிற வரைக்கும் அண்ணி அந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்றார். சுத்தியலோடு சூப்பர்வைசரே மண்டியிட்டு நான்கு மூலையிலும் அடித்தார். பெயின்டர் மேலே வரவழைக்கப்பட்டார். பாதுகாப்பும் வேண்டாம், கடமையும் வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டதால், ‘எடுக்காதே, கீழே ஓட்டை’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, “இதுக்குத்தானா நேத்துலேருந்து காத்திருந்தேன்” என்று அலுத்துக்கொண்டார்.

நாங்கள் இறங்கும்போது சூப்பர்வைசர் பின்னாலேயே வந்தார்.

“நடந்ததை அவங்க வீட்ல வந்து நானே சொல்றேன்மா. ஆனா ஒண்ணு. சாரத்துல பலகையும் கயிறும் இல்லாதது நெஜம்தானே? அதை நான் அவுக்கல. சத்தியமா அவுக்கல.”

அண்ணி நின்றுவிட்டார். எனக்கும் அதே முள்தான் உறுத்திக்கொண்டிருந்தது. பூட்ஸ் கிடைத்துவிட்டது, பலகை இன்னும் கிடைக்கவில்லை.

*

ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் ஸ்டாப் பெஞ்சில் அந்தப் பெண்ணின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சாரம் கட்டுகிறவர் என்று கையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். கயிறு உரசி உரசி உள்ளங்கை தோல் தடித்திருந்தது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, முன்னுரை எதுவும் இல்லாமல் கேட்டார்.

“அண்ணே, முதல் தட்டுல இருந்த பலகையை அவுத்தது யாரு?”

“நான்தாம்மா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூப்பர்வைசரையும் வில்லனாக்கி, ஓட்டையையும் கண்டுபிடித்து, கடைசியில் ஆள் இப்படி வாய் கூசாமல் ஒப்புக்கொள்கிறாரே!

“எதுக்கு அவுத்தீங்க?”

“மத்தவங்க வேன் பிடிக்க ஓடிட்டாங்க. அவன் இடுப்பு ஒடஞ்சு கிடந்தான். அப்படியே கையையும் காலையும் பிடிச்சுத் தூக்கினா இன்னும் கெட்டுப் போகும்ல? சாரத்துல ஏறிக் கையில கெடச்ச பலகையை அவுத்துக் கொண்டாந்தேன். அதுல படுக்க வச்சு, உருண்டுடாம அதே கயித்தால கட்டி, வேன்ல ஏத்திக் கொண்டாந்தேன். அவுக்கறதுக்குத்தான் நேரமாயிடுச்சு. நான் கட்டுனா அவ்வளவு சுலபமா வராது.”

“கயித்த அவுத்தப்போ பலகை சரியா இருந்துச்சா?”

“கல்லு மாதிரி இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் உங்க மேல தப்புன்னு உக்காந்திருக்கீங்க?”

“வேற எங்கயாவது வழுக்கியிருக்கும்ல. என் சாரத்தடியிலதானே கிடந்தான்? நான் திரும்பிப் போய்ப் பாக்கலம்மா. எனக்குத் தெம்பில்ல.”

“அண்ணே, அந்தச் சாரத்துல காணாமப் போனது ஒரே ஒரு பலகைதான். அது நீங்க கொண்டாந்த பலகை. உங்க சாரத்துல ஒரு முடிச்சும் தானா அவுரல. அவர் உள்ள மாடியில ஓட்டையில விழுந்தாரு.”

நான் போனில் படத்தைக் காட்டினேன். அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்தது அது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“வாங்க, உள்ள போலாம்.”

“அந்தம்மா விடமாட்டாங்க. நீங்க படம் காட்டினா, நீங்களே ஜோடிச்சதும்பாங்க.”

அவரை வாசல் கேட்டருகே நிறுத்திவிட்டு நாங்கள் உள்ளே போனோம். வார்டுக்கு வெளியே வராந்தாவில் மாமியார் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான அம்மா, குரல் மட்டும் நான்கு பேருக்கானது. பக்கத்தில் எங்களிடம் வந்த பெண், எதிரே புகார்க் காகிதம், அதன்மேல் ஒரு பேனா. அண்ணி நடந்ததைச் சொன்னார். படத்தைக் காட்டினார். மாமியார் கேட்டபாடில்லை.

“கதை! சாரத்துல முடிச்சு சரியா போடத் தெரியாதவனக் காப்பாத்த எத்தனை பேரு! பூட்ஸ் காட்டுறீங்க, நாளைக்குத் தொப்பி காட்டுவீங்க.” பேசிக்கொண்டே குனிந்து, தன் காலடியில் எதையோ நகத்தால் நிமிண்டினார். “இந்தாப்பா, நீ வாலிபப் பையன்தானே? துணி மூட்டை கட்ட ஒரு கயிறு வேணும்னு காலையிலேருந்து இதோட மல்லுக்கட்டுறேன். நகம் பேந்ததுதான் மிச்சம். இத அவுத்துக் குடு.”

குனிந்து பார்த்தேன். மாமியார் உட்கார்ந்திருந்தது பெஞ்ச் இல்லை. இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அதன்மேல் யாரோ போட்டிருந்த பலகை. ஆள் நீளம், சிமென்ட் தெறித்தது. அதன் நடுவில் கயிறு இறுகச் சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குக் கத்தியால் ஒரு பக்கம் அறுத்திருந்தார்கள். மறுபக்கத்து முடிச்சு அப்படியே இருந்தது. நானும் இழுத்துப் பார்த்தேன், பல்லைக் கடித்துப் பார்த்தேன். அசையவில்லை.

அண்ணியைப் பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் அண்ணி தன் வாயால் சொல்லமாட்டார். எனக்கு விட்டுக்கொடுப்பார்.

“எனக்கும் வரலம்மா,” என்றேன். “இது உங்க மருமகளோட அண்ணன் போட்ட முடிச்சு. இந்தப் பலகைதான் சாரத்துல காணாமப் போன பலகை. உங்க பையனை இதுல படுக்க வச்சு, வழியில உருண்டுடக் கூடாதுன்னு கட்டிக் கொண்டாந்திருக்காரு.”

மாமியார் மெதுவாக எழுந்து நின்று, தான் உட்கார்ந்திருந்ததைத் திரும்பிப் பார்த்தார். பேந்த நகத்தைப் பார்த்தார். மறுபடி முடிச்சைப் பார்த்தார்.

“கூப்பிடு அவனை,” என்றார்.

அவர் வந்து இரண்டு எட்டுத் தள்ளியே நின்றார். மாமியார் அவர் முகத்தைப் பார்க்காமல் பலகையைக் காட்டினார். “எங்களுக்கு வரல. நீ போட்டதாமே. நீயே அவுத்துக் குடு.”

அவர் முழங்காலிட்டு முடிச்சில் கை வைத்தார். ஒரு தடவை முயன்றார், இன்னொரு தடவை முயன்றார். கண்ணில் தண்ணீர் மறைத்து, அவருக்கே முனை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“விடு, கிடக்கட்டும்,” என்று மாமியார் குனிந்து அவர் கையைப் பிடித்து எழுப்பினார். “உள்ள உன் மச்சான் தனியா கிடக்கான். போய்ப் பக்கத்துல உக்காரு.”